ஆச்சியின் மறதிக்கு எது: பி12, ஜிங்கோ, மீன் எண்ணெய், பிரமி?

செங்கோட்டை மருந்துக்கடையில் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்று மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் பி12. புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் வைத்தியசாலையில் பிரமி நெய். வீட்டுக்கு நாலும் வந்துவிடும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு மட்டும் வராது.

இந்த நாலில் போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவர வாய்ப்புள்ளது பி12தான், அதுவும் உடம்பில் குறைந்திருந்தால். ரத்தப் பரிசோதனையில் மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே வந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகம். வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்பார்மினோ நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோலோ சாப்பிடுகிறவர்களுக்கும், மீன் முட்டை தொடாதவர்களுக்கும் இது குறையும். பாதம் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், நடையில் தள்ளாட்டம் சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. முன்பே விழுங்கினால் எண் ஏறிக் காட்டும். பெரும்பாலோருக்குத் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும், நரம்புக்கோளாறு இருந்தால் ஊசி. போலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் சோகை தெளியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மீதைல்கோபாலமினோடு (பி12இன் ஒரு வகை) ப்ரீகாபலின் என்றும் அச்சிட்டிருந்தால் அது நரம்புவலி மருந்து. வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கமும் குழப்பமும் தரும். மறதிக்கு வாங்கி மறதியைக் கூட்டிக்கொள்வதுதான்.

ஜிங்கோவுக்குக் காசு வீண். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் தினம் 240 மில்லிகிராம் வீதம் ஆறு வருஷம் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவில் மறதிநோய் குறையவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், வார்பரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு பயமும் உண்டு. மீன் எண்ணெயும் பெரிய சோதனைகளில் ஞாபகத்துக்கு உதவவில்லை. சாளைக் குழம்பாவது ருசியாக இருக்கும்.

பிரமியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. தினம் 300 மில்லிகிராம் சாறு, 12 வாரம் என்று நடந்த சிறிய ஆய்வுகளில் நினைவு ஓரளவு மேம்பட்டது. அந்தக் கணக்கை நெய்க்கு அப்படியே பொருத்த முடியாது. வெறும் வயிற்றில் குமட்டும், வயிறு இளகும்.

பிரமி என்ற பேரில் செடியும் மாறிப்போகும். இலை வட்டமாக, ஓரம் பல் பல்லாக, நீளக் காம்போடு இருந்தால் வல்லாரை. மலையாளத்தில் முத்தில், குடங்கல் என்பார்கள். நீர்ப்பிரமி இலை சின்னது, தடிப்பானது, காம்பில்லாமல் ஜோடி ஜோடியாகத் தண்டில் ஒட்டியிருக்கும். ஆய்வு நடந்தது இந்த நீர்ப்பிரமியில். சந்தையில் கீரைக்கட்டாக வருவது வல்லாரை.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால் இந்த நாலும் வேண்டாம். ரத்தத்தில் சோடியம் உப்பு இறங்கியிருக்கலாம், மூத்திரத் தொற்றாக இருக்கலாம், விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.