பாளையங்கோட்டையில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு புத்தகப் பெட்டி: வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த தமிழாசிரியையின் மதிப்புரை

பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிப் பக்கம் உள்ள ஒரு பழைய புத்தகக் கடை, ஆசிரியர்களுக்கென்று ஒரு வாடகைச் சேவையை நடத்தி வருகிறது. எதிர்ப்புக்கு உள்ளான நூல்களையும், பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட நூல்களையும், வகுப்பில் நடத்தலாமா வேண்டாமா என்று நம்மில் பலர் தயங்குகிற நூல்களையும் ஒரு வகுப்புக்குப் போதுமான எண்ணிக்கையில் பெட்டியாகக் கட்டி 15 நாளுக்குத் தருகிறார்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. "கட பேர மட்டும் போட்டுராதிய டீச்சர், நாளைக்கு நாலு பேரு வந்து ஷட்டர எறக்கச் சொன்னா நான் என்ன செய்ய?" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். பெயர் சொல்லாமல் ஒரு கடைக்கு மதிப்புரை எழுதுவது வேடிக்கைதான் என்றாலும், இங்குள்ள தமிழாசிரியர்களில் இரண்டு பேரிடம் விசாரித்தால் மூன்றாவது ஆள் வழி சொல்லிவிடுவார்.

நான் அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எங்கள் கையில் இருக்கும் பாடநூலில் ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ எங்களுக்கு இடமில்லை. நூலக வகுப்பு என்று வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைப்பது ஒன்றே நாங்கள் விரும்பியதைப் படிக்க வைக்கக்கூடிய நேரம். அந்த நேரத்துக்காகப் புதுமைப்பித்தன் பெட்டியை எடுத்தேன். வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்து, இந்துக் கல்லூரியில் படித்து, 1948இல் மறைந்த நம்மூர் எழுத்தாளரின் 'பொன்னகரம்', 'துன்பக்கேணி' ஆகிய இரண்டு கதைகளையும் 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. 'பொன்னகரம்' அச்சேறியது 1934இல். எண்பது ஆண்டு கழித்து அதற்கு இந்த மரியாதை. 'துன்பக்கேணி'யோ வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கதை. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் தங்கள் பூட்டன் காலத்தைப் பற்றிப் படிக்க அதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வாடகை 600 ரூபாய், முன்பணம் 2,000 ரூபாய். பெட்டியில் 40 படிகள், பெற்றோருக்கென்று தனியாக 5 படிகள், ஆசிரியருக்கான 28 பக்கக் கையேடு, தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் எழுத வேண்டிய கடிதங்களின் மாதிரிகள், மாற்றாகப் படிப்பதற்கென்று புதுமைப்பித்தனின் வேறொரு கதை ஆகியவை இருந்தன. நீண்ட கதையான 'துன்பக்கேணி'யை நாற்பது பேருக்கும் ஜெராக்ஸ் எடுத்தால் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் வாடகை மலிவு. கட்டுமானம் உறுதி, எழுத்து பெரியது. குறை சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: எனக்கு முன் எடுத்த யாரோ ஓர் ஆசிரியர், சாதிப் பெயர்கள் வருகிற இடங்களை ஆறு படிகளில் கறுப்பு மையால் அடித்து வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அந்தப் படிகள் கிடைத்த பிள்ளைகள் செய்த முதல் வேலை, பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததுதான். அடிக்காத படி வைத்திருந்த பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கடந்து அடுத்த பத்திக்குப் போயிருந்தார்கள். அடித்த படிக்காரர்கள் பாடவேளை முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே நின்றார்கள். அந்த ஆறையும் கடைக்காரர் எப்போதோ பெட்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

இந்தச் சேவையில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், கதைப் புத்தகத்தைச் சொல்ல மாட்டேன். பெற்றோருக்கான அந்த 5 படிகளையும் கடித மாதிரிகளையும்தான் சொல்வேன். நம் ஊர்ப்பக்கம் ஒரு நூலின்மேல் சண்டை கிளம்புகிறபோது சண்டை போடுகிறவர் கையில் பெரும்பாலும் நூல் இருப்பதில்லை, ஒரு பக்கம்தான் இருக்கிறது. 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் போராட்டம் எழுந்தபோதும், தேர்ந்தெடுத்த சில பக்கங்களின் நகல்கள்தாம் கைக்குக் கை போயின. என் வகுப்பிலும் அதுவே நடந்தது. இரண்டாம் வாரம் ஒரு மாணவியின் தந்தை, பிள்ளை கைபேசியில் எடுத்திருந்த ஒற்றைப் பக்கத்தைக் காட்டிக் கோபமாகவே பேசினார். கையேடு சொன்னபடி நான் வாதாடவில்லை. முழுக் கதையையும் தலைமையாசிரியர் ஒப்புதல் தந்த கடிதத்தையும் கையில் கொடுத்து, படித்துவிட்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம் என்றேன். மூன்றாம் நாள் வந்தார். "கத உண்மதான் டீச்சர். நெசமா நடந்ததத்தான் எழுதியிருக்காவ. ஆனா எங்க பேர எதுக்கு எழுதணும்?" என்றார். அவர் மனம் மாறவில்லை, புகாரும் எழுதவில்லை. ஒரு பக்கத்தைப் பற்றிய கோபம் ஒரு கதையைப் பற்றிய கேள்வியாக மாறியிருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை என்பதையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

தலைமையாசிரியர் கடிதத்தின் அருமையும் அப்போதுதான் தெரிந்தது. எந்தக் கதை, எந்தப் பாடவேளை, எத்தனை வாரம், என்ன நோக்கம், பெற்றோர் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்காமல் நல்ல நோக்கத்தை மட்டும் நம்பி வகுப்புக்குள் நுழைகிற ஆசிரியர், சிக்கல் வரும்போது தனியாகத்தான் நிற்பார்.

பாடத்திட்டத்திலேயே இருக்கிற நூலுக்கும் இங்கே உத்தரவாதம் இல்லை என்பதை அபிசேகப்பட்டியில் உள்ள நம் பல்கலைக்கழகமே காட்டியிருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017 முதல் இருந்த, மாவோயிஸ்டுகளோடு காட்டுக்குள் போய் வந்ததைப் பற்றிய அருந்ததி ராயின் 'வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்', மாணவர் அமைப்பு ஒன்றின் புகாரை அடுத்து 2020 நவம்பரில் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வைக்கப்பட்டன. கிருஷ்ணன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் பிறந்தவர், பெருங்குளம் அ. மாதவையாவின் மகன், பறவைகளையும் காட்டையும் பற்றி எழுதியவர்களில் முதல் வரிசையில் வருபவர். அந்த மாதவையாதான் 1903இல் குழந்தை விதவையின் மறுமணத்தை 'முத்துமீனாட்சி' என்ற நாவலாக எழுதியவர் என்பதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அந்த ஆங்கில நூலுக்குப் பெட்டி உண்டா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். 'மாதொருபாகன்' பெட்டியைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு மட்டும், அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தருகிறார். அது சரியான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, கையேடு. 28 பக்கத்தில் 10 பக்கம் தேறும். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த கங்காணி முறையை விளக்கும் பகுதி தெளிவாக இருக்கிறது; அதைப் பாடநூலிலேயே சேர்க்கலாம். கலந்துரையாடல் கேள்விகள்தாம் எரிச்சலூட்டின. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'மாணவர்கள் உணர வேண்டியது' என்று விடையையும் அச்சிட்டிருக்கிறார்கள். விடையை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு விவாதம் நடத்துவதற்குக் கோனார் உரையே போதும், சர்ச்சைக்குரிய கதை தேவையில்லை.

அதைவிடப் பெரிய குறை, கையேடு சட்டத்தை வகுப்பறையோடு குழப்பிக்கொள்வது. 'மாதொருபாகன்' வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கையேடு இரண்டு பக்கத்துக்கு எடுத்துப் போட்டிருக்கிறது. படிப்பதும் படிக்காததும் வாசகரின் விருப்பம், பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. எழுத்தாளரைக் காப்பதற்கு அது வலுவான வாதம். ஆனால் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கிற பிள்ளை புத்தகத்தைத் தூக்கிப் போட முடியாது. வருகைப் பதிவேடு என் கையில் இருக்கிறது, செய்முறையோ அகமதிப்பீடோ எதுவானாலும் மதிப்பெண்ணும் என் கையில் இருக்கிறது. கடையில் வாங்கிய வாசகருக்கு உள்ள விடுதலை அந்தப் பிள்ளைக்கு இல்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான், இந்தக் கதையை வகுப்பில் எப்படிப் படிப்பது என்ற பேச்சையே தொடங்க முடியும்.

கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கிறது. அதனால்தான் மாற்றுக் கதையை வைத்திருக்கிறார்கள். விரும்பாதவர்கள் எழுந்து நூலகத்துக்குப் போய் மற்றக் கதையைப் படிக்கலாம் என்பது அவர்கள் யோசனை. வேறு ஊரில் அது நடக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய மாவட்டம் இது. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடையாளம் காண்பதை நிறுத்த வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்குப் பரிந்துரை கொடுக்கவேண்டி வந்ததற்குக் காரணமான மாவட்டமும் இதுதான். இங்கே சாதி பேசுகிற ஒரு கதையின்போது ஒரு பிள்ளை எழுந்து வெளியே போனால், அது கயிறு கட்டாமலேயே தான் யார் என்று அறிவித்ததாகிவிடும். உட்கார்ந்திருந்தாலும் சிக்கல்தான், சாதிப் பெயர் வாசிக்கப்படும் நொடியில் நாற்பது தலைகளும் ஒரே பெஞ்சின் பக்கம் திரும்புகின்றன. இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

நான் செய்தது இதுதான். 'துன்பக்கேணி', அந்த மாற்றுக் கதை இரண்டையும் எல்லோரும் படித்தார்கள். எழுதும்போது விரும்பிய ஒன்றைப் பற்றி எழுதினார்கள், யார் எதைத் தேர்ந்தார்கள் என்பது எனக்கு மட்டுமே தெரியும். மாணவர்களை வரிசையாக உரக்க வாசிக்க விடவில்லை. சிக்கலான பத்திகளை நானே வாசித்தேன், மற்றவற்றை மௌனமாகப் படித்தார்கள். முதல் பாடவேளையில் புதுமைப்பித்தனின் காலத்தையும் தோட்டத் தொழிலையும் பேசிவிட்டு, கதையை அடுத்த வாரம் கையில் கொடுத்தேன். இதெல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு மாணவன் கடைசி வரை ஒன்றும் எழுதாமல் வெற்றுத் தாளைக் கொடுத்தான். நான் காரணம் கேட்கவில்லை. 'பொன்னகரம்' கதைக்கு இந்த ஆண்டு எனக்குத் துணிவு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணவனுக்குக் கஞ்சி வார்க்க ஒரு பெண் என்ன செய்தாள் என்பதைப் பதினேழு வயதுப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்; அதை நான் விளக்கும்போது என் குரல் தடுமாறாதா என்பதில்தான் எனக்கு ஐயம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த மாலையே அண்ணாச்சி முன்பணத்தை எண்ணித் தந்தார். முதுகு பிய்ந்த ஒரு படிக்கு 40 ரூபாய் பிடித்துக்கொண்டார், நியாயம்தான். எடுக்க நினைப்பவர்கள் ஜூன் மாதமே சொல்லி வைக்க வேண்டும், காலாண்டுத் தேர்வு நெருங்கினால் கல்லூரிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். டவுன் பஸ்ஸில் தூக்கி வர முடியாத கனம் என்பதால் ஆட்டோவுக்கு 120 ரூபாய் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மை அடித்த ஆறு படிகளையும் மாற்றி வைப்பதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அடுத்த முறை பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏற்றுவேன்.