மூன்றாவது தெருவா, மூன்றாவது மெயின் ரோடா?

அம்மாவுக்காக இணையத்தில் வாங்கிய வாக்கர், எங்கள் வீட்டுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரம் வரை வந்து, வாசலை மட்டும் எட்டாமல் கிடங்குக்குத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. காரணம் ஒரே ஒரு சொல். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் முன்பே, சென்னை, அடையாறு இந்திரா நகர், 3ஆவது குறுக்குத் தெரு என்று முகவரியை முழுமையாகக் கொடுத்திருந்தேன். அதில் ‘குறுக்குத் தெரு’ காணாமல் போய்விட்டது.

அந்தப் பக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 3ஆவது அவென்யூ ஒன்று, 3ஆவது மெயின் ரோடு ஒன்று, 3ஆவது குறுக்குத் தெரு ஒன்று. எண் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பின்னால் வரும் சொல்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் முகவரியே இல்லை.

“அக்கா, நீங்கள் சொன்ன எண்ணில் பல் மருத்துவமனைதான் இருக்கிறது” என்றார் பொட்டலம் கொண்டுவந்த தம்பி, தொலைபேசியில்.

“எந்தத் தெருவில் நிற்கிறீர்கள், தம்பி?”

“மூன்றாவதில்தான் நிற்கிறேன், அக்கா.”

“மூன்றாவது எது? அவென்யூவா, மெயின் ரோடா?”

“அதெல்லாம் இதில் போடவில்லை, அக்கா. வெறும் மூன்றுதான் இருக்கிறது.”

அவர் மீது எனக்குக் கோபமில்லை. உச்சி வெயிலில், முதுகில் மூட்டை, ஹேண்டில்பாரில் இன்னொரு மூட்டை. பெயர்ப் பலகையைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். பலகை இருந்தது. அதன் பின்பாதியை ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மூடியிருந்தது. தெரிந்தது ‘3வது’ மட்டும். என் வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று நான் சொல்வதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது, அவர் போய்விட்டார். மாலையில் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று குறுஞ்செய்தி வந்தது. அம்மாவும் நானும் காலையிலிருந்து கூடத்தை விட்டு நகரவேயில்லை.

கடைசியில் பொட்டலம் கைக்கு வந்தபோது அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். முதல் வரியில் பழைய எண், புதிய எண் இரண்டும் சாய்கோடு போட்டு இருந்தன. மாநகராட்சி கதவு எண்களை மாற்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் இரண்டையும் சுமந்துகொண்டு திரிகிறோம். அடுத்த வரியில் ‘3, இந்திரா நகர்’. அவ்வளவுதான். இத்தனை எழுத்துக்குத்தான் இடம் என்று கணினியில் யாரோ அளவு வைத்திருக்கிறார்கள். வெட்ட வேண்டிய இடத்தில், வெட்டவே கூடாத சொல்லை வெட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சொல் அலங்காரத்துக்கு இல்லை. மெயின் ரோடு என்றால் நகரின் நீளத்துக்கு ஓடும், குறுக்குத் தெரு அதை வெட்டிக்கொண்டு போகும், அவென்யூ அகலமாக மரங்களோடு இருக்கும் என்றெண்ணித்தான் அந்தக் காலத்தில் பெயர் வைத்தார்கள். வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்ற தகவல் அதற்குள் இருக்கிறது. அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்றாலும், ராதாகிருஷ்ணன் சாலையை எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்றாலும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். பெரிய சாலைகளுக்குப் பேர் போதும். எண்ணை மட்டும் நம்பியிருக்கும் உள்தெருக்களின் கதிதான் மோசம்.

சிங்கப்பூரில் நான் இருக்கும் தெம்பனிஸ் வட்டாரத்திலும் எண்கள்தான். ஆனால் எண் 2இல் தொடங்கும் அடுக்குமாடி புளோக் என்றால் ஸ்திரீட் 21 பக்கம், 8இல் தொடங்கினால் ஸ்திரீட் 81 பக்கம் என்று புதிதாக வருபவருக்கும் பிடிபட்டுவிடும். வளைந்து செல்லும் சாலைக்குக் கிரசென்ட், முட்டி நிற்கும் சாலைக்குக் குளோஸ். பெயர்களை முடிவு செய்வதற்கென்றே தனி வாரியம் இருக்கிறது. அங்கேயும் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், இங்கேயும் பின்கோடு ஆறு இலக்கம். 1995 முதல் அங்கே அந்த ஆறு இலக்கம் ஒரே ஒரு கட்டடத்தைக் காட்டுகிறது. 1972இல் வந்த நம் பின்கோடு ஒரு தபால் நிலையத்தின் வட்டாரம் முழுவதையும் காட்டுகிறது. 600020 என்று எழுதிவிட்டு, மிச்சத்தைத் தெருப் பெயர்தானே சொல்ல வேண்டும்?

2025இல் அஞ்சல் துறை டிஜிபின் கொண்டுவந்திருக்கிறது. நாடு முழுவதையும் சுமார் நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து, எண் கொண்ட குறியீடு. நல்ல ஏற்பாடு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது 108ஐ அழைக்கும் என் அம்மா அந்தப் பத்தையும் ஒப்பிக்க மாட்டார். “மூன்றாவது குறுக்குத் தெரு” என்றுதான் சொல்வார். எதிர்முனையில் இருப்பவர் அதை முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும். வாக்கர் தாமதமானதற்கா இத்தனை ஆத்திரம் என்று என் உடன்பிறந்த தம்பி கேட்டான். வாக்கரோடு இது நிற்காது என்பதுதான் என் கவலை.

நமக்கு இந்த ஒழுங்கு புதிதும் இல்லை. சிறு வயதில் விடுமுறைக்கு மதுரையில் பாட்டி வீட்டுக்குப் போவோம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு அப்பால் மாசி வீதி, அதையும் தாண்டி வெளி வீதி. மேல மாசி வீதி என்று சொன்னால் போதும்: கோயிலுக்கு எந்தத் திசை, எத்தனாவது சுற்று என்பது ரிக்ஷாக்காரருக்குத் தெரிந்துவிடும். வீதியிலிருந்து சந்து பிரியும், சந்திலிருந்து முடுக்கு. முடுக்குக்குள் ரிக்ஷா நுழையாது என்பதால் முனையிலேயே இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வீதியை யாரும் சந்து என்று சொன்னதில்லை, சந்தை வீதி என்றும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் நடுவே, என் மகன் அனுப்பிய விரைவு அஞ்சல் முதல் நாளே சரியாக வந்து சேர்ந்தது. அவனும் அவசரத்தில் ‘3, இந்திரா நகர்’ என்றுதான் எழுதியிருந்தான். தபால்காரர் அம்மாவின் பெயரைப் பார்த்தே வந்துவிட்டார். உறையைக் கொடுத்துவிட்டு, “குறுக்குத் தெருவென்று எழுதச் சொல்லுங்கள், அம்மா. நான் விடுமுறையில் இருந்தால் புதிதாக வருபவர் அலைவார்” என்றார். அந்த அக்கறைக்கு அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தார் அம்மா.

பலகையின் நிலையைப் படம் எடுத்து, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். பொட்டலம் அனுப்பிய நிறுவனத்துக்கும் சீட்டின் படத்தோடு எழுதியிருக்கிறேன்: எழுத்து எண்ணிக்கை போதாவிட்டால் ஊர்ப் பெயரைச் சுருக்குங்கள், பின்கோடு அதைச் சொல்லிவிடும்; ‘குறுக்குத் தெரு’வில் கை வைக்காதீர்கள்.