பழைய கணினிக்கு எந்த சிஐ சேர்வர்? ஜென்கின்ஸ், கிற்லாப், கிற்றீ: கிளிநொச்சியிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் குழுவில் ஆறு பேர். கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் கிரவல் பாதை ஒன்றில் அலுவலகம். சேர்வராக இருப்பது 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் கொண்ட, பாவித்த மேசைக் கணினி. இயங்குதளம் உபுண்டு 24.04; இணையம் 4ஜி ரவுட்டர் வழியாக வருகிறது. இந்த ஒரே கணினியில் ஜென்கின்ஸ், கிற்லாப், கிற்றீ மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிப் பார்த்தோம். யாராவது நிரலைக் களஞ்சியத்துக்கு அனுப்பியதும் (புஷ் செய்ததும்) அதை எடுத்து, தொகுத்து, சோதித்து (இதுவே பில்ட்), முடிவைச் சொல்லும் வேலைதான் சிஐ, அதாவது தொடர் ஒருங்கிணைப்பு; அதை மூன்றுமே ஒழுங்காகச் செய்கின்றன. ஆகவே மின்சாரம் போய்வந்த பின் எது தானாக எழும்புகிறது, மாத டேட்டாவை எது எவ்வளவு தின்கிறது என்ற இரண்டையும் வைத்தே நாங்கள் தெரிவு செய்தோம்.

ஜென்கின்ஸ் மூத்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய கொசுகே கவாகுச்சி 2004இல் ஹட்சன் என்ற பெயரில் தொடங்கிய இத்திட்டம், ஒராக்கிள் நிறுவனத்துடனான பெயர் உரிமைப் பிணக்குக்குப் பின் 2011இல் ஜென்கின்ஸ் ஆயிற்று. வயதானது என்பதால் இணையத்தில் வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றிற் பல பழையவை. பொதியை நிறுவுமுன் ஜாவாவை நிறுவியிருக்க வேண்டும், இல்லையேல் சேவை தொடங்கவே மாட்டாது; இன்றைக்கு ஜாவா 21ஐ இட்டுவிடுவது நல்லது. 8080 என்ற போர்ட்டை மாற்றுவதற்கு ஈடிசிக்குள் இருக்கும் டிஃபோல்ட் கோப்புறையிலுள்ள கோப்பைத் திருத்தச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றினால் எதுவும் மாறாது, ஏனெனில் 2022இலிருந்து அமைப்புகள் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) வழியாகவே எடுக்கப்படுகின்றன. சேவையின் மேலெழுத்துக் கோப்பில்தான் அவற்றை எழுத வேண்டும். நிறுவியவுடன் செய்ய வேண்டிய இன்னொன்று, மையக் கணுவின் (ஜென்கின்ஸ் தானே ஓடும் இடத்தின்) எக்சிகியூட்டர் எண்ணிக்கையை, அதாவது அங்கு ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பில்ட்களின் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கி, பில்ட் வேலைகளைத் தனிப் பயனர் கணக்கில் ஓடும் ஏஜென்ட் என்ற துணை நிரலிடம் ஒப்படைப்பது. இல்லாவிட்டால் எந்தப் பில்ட்டும் ஜென்கின்ஸின் சொந்தக் கோப்புகளைத் தொட்டுவிட முடியும்.

சேர்வர் இடையில் நின்று மீண்டும் தொடங்கினாலும் விட்ட இடத்திலிருந்து பைப்லைனை (பில்ட்டின் படிகள் வரிசையை) தொடரும் வசதி ஜென்கின்ஸில் உண்டு. ஆவணத்தில் இதைப் படித்தபோது எங்களுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. ஆனால் ஏஜென்டும் அதே கணினியில் ஓடினால், மின்சாரம் போகும்போது அங்கு ஓடிய கட்டளையும் சேர்ந்தே செத்துவிடுகிறது. பைப்லைன் எழும்பி, தன் கட்டளையைத் தேடி, காணாமல் தோல்வி என்று அறிவிக்கிறது. யூபிஎஸ் உள்ள இரண்டாவது கணினி ஒன்று ஏஜென்டாக இருந்தால் மட்டுமே இவ்வசதி பயன் தரும்.

கிற்லாப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2015இல் வெளியான 8.0 பதிப்பிலிருந்து சிஐ அதனுள்ளேயே இருப்பதால், நிரற் களஞ்சியம், பணிப்பட்டியல், பில்ட் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். அமைப்பதற்கு ஒரே கோப்பு, அதைத் திருத்தி ரீகன்ஃபிகர் கட்டளையை ஓட்டினால் போதும். புரோமீதியஸ் கண்காணிப்பை நிறுத்தி, வலைப்பக்கங்களைத் தரும் பூமாவின் தொழிலாளிகளை (கூடுதல் செயல்முறைகளை) பூச்சியமாக்கி, பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக்கின் இணைவேலைகளைக் குறைத்தால் 8 ஜிபிக்குள் அடங்கும். அடங்கிய பின் அதே கணினியில் பில்ட் ஓட்ட மிஞ்சுவது கொஞ்சமே. நிறுவற் பொதி ஏறத்தாழ ஒரு ஜிபி. பதிப்பு உயர்த்தும்போது இடையிலுள்ள கட்டாய நிறுத்தங்களைத் தாண்டிப் பாய முடியாது என்பதால், ஓர் ஆண்டு அசட்டையாக இருந்துவிட்டால் அந்த ஒரு ஜிபியைப் பலமுறை இறக்க நேரும். 16 ஜிபி கணினியும் ஃபைபர் இணைப்பும் உள்ளவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.

கிற்லாப்பைப் போல நிரற் களஞ்சியம் வைத்திருக்கும் கிற்றீ, 2016இல் கோக்ஸ் என்ற திட்டத்திலிருந்து பிரிந்தது. சுமார் 100 எம்பி அளவிலான ஒரேயொரு இயங்குகோப்பு. எஸ்கியூலைட்டே தரவுத்தளமாகப் போதும். 2023இல் வந்த 1.19 பதிப்பில் ஆக்ஷன்ஸ் என்ற பெயரில் சிஐ சேர்ந்தது. பில்ட்டை ஓட்டும் ரன்னர் தனி நிரல்; நிர்வாகப் பக்கத்தில் டோக்கன் (அனுமதிச் சாவி) எடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். அப்போது கொடுக்கும் லேபிளில் கவனம் தேவை. வழமையான லேபிள், பில்ட்டை டொக்கர் கொள்கலனில் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த சூழலில்) ஓட்டுவதற்காகப் பெரிய படிமம் (அச்சூழலின் ஆயத்தப் பொதி) ஒன்றை இறக்கும். லேபிளின் முடிவில் ஹோஸ்ட் என்று குறித்தால் கணினியிலேயே நேரடியாக ஓடும். பின்னதில் தனிமைப்படுத்தல் இல்லை, ஆயினும் ஒருவரையொருவர் அறிந்த ஆறு பேருக்கு அது பொறுக்கக்கூடிய ஆபத்தே. அத்துடன், நிரலை எடுக்கும் செக்கவுட் போன்ற ஆக்ஷன்கள் (பில்ட்டுக்கான ஆயத்தப் படிகள்) இயல்பாக கிற்ஹப்பிலிருந்தே வருகின்றன. அவற்றின் பிரதியை உள்ளூரில் வைத்து, இயல்பு முகவரியைச் சொந்தச் சேர்வருக்கு மாற்றிய பிறகே இணையம் இல்லாத நேரத்திலும் எங்கள் பில்ட் ஓடிற்று.

சுவரிலுள்ள சுவிட்சை வேண்டுமென்றே அணைத்துப் போட்டுப் பார்த்தோம். பிளேன்ரீக்கு வைத்த தண்ணீர் கொதிக்குமுன் கிற்றீயின் உள்நுழைவுப் பக்கம் வந்துவிட்டது; ஜென்கின்ஸ் தேநீர் ஊற்றும்போது வந்தது; கிற்லாப், கோப்பை காலியான பின்பும் 502 என்ற பிழையையே காட்டிக்கொண்டிருந்தது.

4ஜி இணைப்பில் எங்களுக்கெனத் தனிப் பொது ஐபி முகவரி கிடையாது. அதனால் கிற்ஹப்பில் உள்ள களஞ்சியம் புஷ் நடந்ததும் அனுப்பும் அறிவிப்பு (வெப்ஹூக்) எங்கள் சேர்வரை வந்தடையாது. ஜென்கின்ஸை ஐந்து நிமிடத்துக்கொருமுறை தானே போய்ப் பார்க்கும்படி அமைக்க வேண்டியிருந்தது. களஞ்சியத்தையே கிற்றீக்குள் வைத்தால் இச்சிக்கல் இல்லை. டொக்கர் படிமங்கள் கிடைக்கும் இணையக் கிடங்கான டொக்கர் ஹப், உள்நுழையாதோருக்கு ஓர் ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 இறக்கங்களையே அனுமதிக்கிறது. ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால், நாம் எதையும் இறக்காமலே எல்லை முடிந்திருக்கலாம். இலவசக் கணக்கில் உள்நுழைந்து, படிமங்களை உள்ளூர் ரெஜிஸ்ட்ரியில் (படிமக் கிடங்கில்) தேக்கி, இறக்கங்களை இரவு டேட்டா தொடங்கும் நள்ளிரவுக்குப் பின்னுக்குத் தள்ளினோம்.

மின்வெட்டு ஒன்றின் பின் கிற்றீயில் ஒரு களஞ்சியம் திறக்க மறுத்தது. உள்ளே பார்த்தால், கடைசிப் புஷ்ஷின் பொருட்கோப்புகள் (களஞ்சியத்தின் தரவைக் கொண்ட கோப்புகள்) சில பூச்சிய பைட்டில் கிடந்தன. வெறுமையானவற்றை அகற்றி, புஷ் செய்தவரின் மடிக்கணினியிலிருந்து மீண்டும் அனுப்பியதும் சரியாயிற்று. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் அடிப்படைக் கருவியான கிற்றின் 2.36 பதிப்பில் வந்த எஃப்சிங்க் அமைப்பை இறுக்கினால், எழுதியவை உடனே வட்டில் பதியும். வேகம் சற்றுக் குறையும், குறையட்டும். பயோஸில் மின்சாரம் மீண்டதும் தானாக இயங்கச் சொல்லும் தெரிவையும் இயக்கியுள்ளோம். இப்போது எங்கள் சொந்த நிரல்கள் அனைத்தும் கிற்றீயில். கிற்ஹப்பை விட்டு வர மறுக்கும் வாடிக்கையாளர் ஒருவரின் வேலைக்காக மட்டும் ஜென்கின்ஸ் அதே கணினியில், நினைவக எல்லை கட்டப்பட்டு, ஓடுகிறது.