டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கணினி: விசிறி உள்ளதா, இல்லாததா?

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, படம் பார்க்கச் சின்னதாக, சத்தமில்லாததாக ஒரு கணினி தேடினால் மூன்று வழிகள் தெரிகின்றன. அலுவலகங்கள் கழித்துவிட, பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டுக்கு விற்பனைக்கு வரும் பழைய மினி கணினி ஒன்று. ஒரே சின்ன போர்டில் அடங்கிய கணினியான ராஸ்பெர்ரி பை 5 இன்னொன்று. இன்டெல் என்100 ப்ராசசர் போட்ட, விசிறியே இல்லாத புதுப் பெட்டி மூன்றாவது. நான் வாங்கியது மூன்றாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

ராஸ்பெர்ரி பையில் படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளை டிவி ரிமோட்டைக் கொண்டே இயக்கலாம். அந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் போர்டோடு அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு, கூலர் எல்லாம் சேர்த்தால் மலிவு என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவுக்கு மட்டுமே அதில் தனி டிகோடர், அதாவது வீடியோவை விரித்துக் காட்டும் சில்லுப் பகுதி, உண்டு. மற்றவற்றின் பாரம் ப்ராசசர் தலையில்தான்.

விலையில் பழைய மினி கணினியை மிஞ்ச எதுவும் இல்லை. ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். இன்டெல் 7ஆம் தலைமுறைக்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும். 10 பிட் (கூடுதல் வண்ண நுணுக்கம் உள்ள) எச்.265 படங்களை ப்ராசசரைத் திணறடிக்காமல் ஓட்டும் வசதி அதிலிருந்துதான் முழுமையாக வந்தது.

என்னைத் திருப்பியது தூசி. நெடுஞ்சாலைப் புழுதியும் கிரானைட் பட்டறைகளின் மாவுத்தூளும் சேரும் ஊர் இது. காலையில் துடைத்த டிவி மேசையில் மாலைக்குள் விரலால் பெயர் எழுதலாம். தம்பி வீட்டில் பழைய மினி கணினிதான் ஓடுகிறது. வாங்கிய புதிதில் விசிறி இருப்பதே தெரியவில்லை. கோடை முடிவதற்குள், படத்தில் யாரும் பேசாத இடங்களில் அதன் இரைச்சல் தனியாகக் கேட்கத் தொடங்கிவிட்டது. திறந்து பார்த்தோம். ப்ராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் தூசி கம்பளித் துண்டு போல இறுகி, காற்று போக வழியே இல்லாமல் அடைத்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகத் தடவிய பிறகு பழைய அமைதி திரும்பியது. சில மாதங்களில் மறுபடியும் அதே வேலை. அப்படிப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் 35 வாட் ப்ராசசர் இருக்கிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள விசிறி சுழன்றே ஆக வேண்டும், சுழலும் விசிறி தூசியை உள்ளே இழுத்தே தீரும்.

என்100 ப்ராசசருக்கு வரையறுத்த சூட்டு அளவு 6 வாட்தான். அலுமினிய உடலே ஹீட் சிங்க்காக வேலை செய்கிறது. மேலே படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும், பராமரிப்பு முடிந்தது. ஏவி1 என்ற புதிய சுருக்கு முறை வீடியோவையும் தனி டிகோடரிலேயே ஓட்டுகிறது. 7ஆம் தலைமுறையில் அந்த வசதி கிடையாது.

ஷோகேஸுக்குள் மட்டும் அடைத்து வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் கைவைத்தால் நன்றாகவே சுடுகிறது. நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்கையும் தவிர்த்து எஸ்எஸ்டி போட்டால்தான் முழு அமைதி.

என் வீட்டு டிவி ஃபுல் எச்டி. ஆகவே 4கே எச்டிஆர் படங்களில் இது எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. இத்தனை சூட்டில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கும் ஒரு கோடையை மட்டும் வைத்து உறுதி தர மாட்டேன். ஓடிடி சந்தா மட்டுமே பார்ப்பவர்களுக்கு மூன்றுமே வேண்டாம். இவற்றில் லினக்ஸ் இயங்குதளம் போட்டால், அதன் பிரவுசரில் பல ஓடிடி தளங்கள் முழுத் தெளிவு தருவதில்லை, டிவியில் செருகும் ஸ்டிக்கே போதும். சொந்தமாகப் படங்கள் சேர்த்து வைத்திருப்பவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூ டிரைவர் எடுக்கத் தயார் என்றால், பழைய மினி கணினியைத் தாராளமாக வாங்கலாம். வாங்கும் முன் கடையிலேயே அரைமணி நேரம் படம் ஓட்டி, காதை அருகே வைத்து விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள்.