தர்மபுரி கால்நடை மருத்துவர் புத்தாக்கப் பயிற்சி: நுண்ணோக்கியின் முன் நன்று, திரையின் முன் சுமார்

தர்மபுரியில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில், அரசு கால்நடை மருந்தகங்களில் பணியாற்றும் உதவி மருத்துவர்களுக்காக அண்மையில் நடந்த புத்தாக்கப் பயிற்சியில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து கலந்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அடுத்த அணிக்குச் சுற்றறிக்கை வரும்போது போகலாமா, தட்டிக்கழிக்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் விடை, செய்முறை வகுப்புகளுக்காகக் கட்டாயம் போகலாம் என்பதே.

அவற்றுள் முதலிடம் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் பற்றிய ஆய்வக வகுப்புக்கு. மாடு திடீரென்று செத்து, வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிந்தால் உடலை அறுக்கக் கூடாது என்பதும், அறுத்தால் காற்றுப்பட்ட கிருமி வித்துகளாக மாறி அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கிவிடும் என்பதும் கல்லூரியிலேயே படித்தவைதான். ஆனால் காப்பீட்டுக்காகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டு உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது, கத்தியைத் தொடாமல் காதின் இரத்தக் குழாயிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, ஸ்மியர் போட்டு (கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாக இழுத்து) முடிவு சொல்லும் துணிவு, அந்த ஸ்லைடைப் பலமுறை பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் வரும். முதலில் நலமான மாட்டின் இரத்தத்தில் ஸ்மியர் இழுக்கப் பழக்கினார்கள். தடித்துப்போன ஸ்லைடுகளை, இழுத்தவர் எத்தனை ஆண்டு பணியில் இருப்பவர் என்று பாராமல் திருப்பித் தந்தார்கள். பிறகு பாலிகுரோம் மெத்திலின் புளூ சாயமிட்டுப் பாதுகாத்து வைத்திருந்த ஸ்லைடுகளை நுண்ணோக்கியின் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் காட்டினார்கள். முனை வெட்டியது போன்ற நீலக் கோல்கள் சங்கிலியாகக் கிடக்க, அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பில் துகள் துகளாக உறை தெரிந்தது. செத்து நேரமான உடலில் பெருகும் அழுகல் கிருமிகளும் கோல் வடிவிலேயே இருக்கும் என்றாலும் அவற்றுக்கு இந்த உறை இராது என்பதை, இரு ஸ்லைடுகளையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியபோது யாருக்கும் ஐயம் எழவில்லை.

கன்று வீச்சு நோய் (புரூசெல்லோசிஸ்) தடுப்பூசி வகுப்பும் அதே தரத்தில் இருந்தது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குப் போடப்படும் எஸ்-19 என்னும் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால், ஊசி கையில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ போடுபவருக்கே நோய் வரக்கூடும். பயிற்றுநர் குப்பியில் சாய நீரைச் செலுத்தி, வெள்ளைத் தாளுக்கு மேலே ஊசியை வெடுக்கென்று உருவிக் காட்டினார். தாளில் விழுந்த புள்ளிகளைப் பார்த்த பிறகு கண்ணாடியும் கையுறையும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கருவுற்ற பெண் மருத்துவர்களை இந்தப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். களத்தில் கன்றைப் பிடித்து நிற்கும் கால்நடை பராமரிப்பு உதவியாளர்களுக்கும் இந்த ஒரு வகுப்பையாவது நடத்தியிருக்க வேண்டும்.

திரையில் ஓடிய விரிவுரைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோமாரி நோய்த் தடுப்பூசிப் பணியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துகொண்டிருப்பவர்களுக்கே அதன் அட்டவணையை வாசித்துக் காட்டினார்கள். அச்சிட்ட கையேட்டில் இருந்த குறை இதைவிடப் பெரியது. வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக், அது செலுத்தப்பட்ட மாட்டின் பிணத்தைத் தின்னும் பாறு கழுகுகளைக் காக்க, 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டதை எழுதிவிட்டு, மாற்று மருந்துகளின் வரிசையில் கீட்டோப்ரோஃபெனைச் சேர்த்திருந்தார்கள். அதுவும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-இல் தடை செய்யப்பட்டுவிட்டன. ஒருவர் எழுந்து கேட்டதும் விரிவுரையாளர் உடனே ஒப்புக்கொண்டு மெலாக்சிகாமைப் பரிந்துரைத்தார் என்றாலும், கையேடுதான் மருந்தக மேசையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகிறது.

எங்கள் மாவட்டத்துக்கென்று தனித் தேவைகள் உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் பணியாற்றுபவர்களை, யானை இறந்தால் பிரேதப் பரிசோதனைக்கு வனத்துறை அழைப்பது வழக்கம். மாட்டுக்குப் படித்த கையோடு யானை முன் நிற்பவருக்கு எந்த உறுப்பில் எவ்வளவு மாதிரி எடுப்பது, மின்சாரம் தாக்கியதற்கான தடயத்தைத் துதிக்கையில் எப்படித் தேடுவது என்று அரை நாள் வகுப்பு வைத்திருந்தால் அதன் பயனே வேறு. பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

இறுதியில் தேர்வு எதுவும் இல்லாமல், வருகைப் பதிவைப் பார்த்து அனைவருக்கும் ஒரே சான்றிதழ் கொடுத்தார்கள். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்கீழ் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் நமக்கு, கற்றதைச் சோதித்துத் தரும் சான்றுதான் மதிப்புள்ளது. ஸ்மியர் ஒழுங்காக இழுக்கத் தெரியாதவரும் அதே தாளை வாங்கிக்கொண்டு போனார். அயற்பணியில் சென்றவரின் மருந்தகம் பக்கத்து மருத்துவரின் கூடுதல் பொறுப்பில் விடப்பட்டதும், கன்று ஈன முடியாமல் மாடு தவிக்கும்போது அந்தக் கூடுதல் பொறுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதும் பயிற்சி நிலையத்தின் குறையன்று, நம் நிர்வாகத்தின் குறை. மதிய உணவும் தங்குமிடமும் திருப்தியாக இருந்தன.

போகிறவர்கள், உண்ணிக் காய்ச்சல் என்று ஐயப்பட்ட மாடுகளின் ஸ்மியர்களை மெத்தனாலில் பதப்படுத்தி, தேதியும் ஊரும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மாலையில் வகுப்பு முடிந்த பிறகு ஆய்வகத்தைத் திறந்து வைத்து, அவற்றைப் பொறுமையாகப் பார்த்துச் சொல்கிறார்கள். இந்த வசதி சுற்றறிக்கையில் குறிப்பிடப்படவில்லை.