நகைச் சீட்டா, ஆர்.டி.யா, கோல்டு இ.டி.எஃப்.பா?

மாதம் 5,000 ரூபாய் ஒதுக்க முடிகிறது, தங்கம் சேர்க்க வேண்டும். நகைக்கடையில் மாதாமாதம் பணம் கட்டி முடிவில் நகையாக எடுக்கும் சீட்டுப் போடுவதா, வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) போட்டுக் கடைசியில் மொத்தமாக வாங்குவதா, கோல்டு இ.டி.எஃப்.பில் (தங்க விலையோடு ஏறி இறங்கும், பங்குச்சந்தையில் வாங்கும் ஃபண்டு) சேர்ப்பதா? இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த நகையை எப்போது போடப் போகிறீர்கள் என்றுதான். பதிலுக்கு ஏற்பக் கணக்கே மாறிவிடும்.

நகைச் சீட்டில் நமக்குக் கிடைக்கும் லாபம் சேதாரத்தில்தான், அதாவது நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கு என்று கடை கூட்டி வாங்கும் தொகையில்தான் இருக்கிறது. கணக்குப் போட வசதியாக கிராம் 10,000 ரூபாய் என்றும், விலை ஏறி இறங்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 11 மாதத்தில் 55,000 ரூபாய், அதாவது ஐந்தரை கிராம். 14 சதவீதச் சேதாரம் உள்ள சங்கிலியைச் சீட்டு இல்லாமல் வாங்கினால், சேதாரம் 7,700, மொத்தத்துக்கும் 3 சதவீத ஜி.எஸ்.டி. 1,881, பில் 64,581 ரூபாய். சேதாரம் கிடையாது என்கிற சீட்டில் அதே சங்கிலி 56,650 ரூபாய்தான். கிட்டத்தட்ட 7,900 ரூபாய் மிச்சம். அதே பணத்தை ஆறரை சதவீத ஆர்.டி.யில் போட்டிருந்தால் வட்டி சுமார் 1,800.

அப்படியானால் சீட்டுதானே நல்லது? அவசரப்படாதீர்கள். 3 சதவீதச் சேதாரம் உள்ள எளிய உருப்படியை எடுத்தால் மிச்சம் 1,700 ரூபாய்தான், ஆர்.டி. வட்டியும் அதே அளவு. கையில் ரொக்கத்தோடு போகிறவர் எந்தக் கடையிலும் ஏறி இறங்கிச் சேதாரத்தைப் பேசிக் குறைக்கலாம் என்பதும் உண்டு. 14 என்பதை 10 ஆக்கிவிட்டாலே ஆர்.டி.க்கும் சீட்டுக்கும் உள்ள இடைவெளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அந்த ஒரு கடையில் இருக்கிற மாடலில்தான் எடுத்தாக வேண்டும்.

சேர்வதற்கு முன் சீட்டு அட்டையின் பின்பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். எத்தனை சதவீதம் வரை சேதாரம் இல்லை? அதற்கு மேல் போனால் மீதியை யார் கொடுப்பது? செய்கூலி தனியா? நாணயம் எடுக்கலாமா? மாதாமாதம் அன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கிறார்களா, வெறும் ரூபாயாகவா? ரூபாயாக வைத்தால் விலை ஏற்றத்தில் இருந்து உங்களுக்குப் பாதுகாப்பே கிடையாது. இந்தக் கேள்விக்கு மட்டும் மழுப்பலான பதிலோடு திரும்பி வராதீர்கள்.

பத்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு என்றால் என் ஓட்டு இ.டி.எஃப்.புக்குத்தான். வருடா வருடம் சீட்டு முடித்து நகையாக அடுக்கினால், கல்யாணத்தின்போது அந்த மாடல் அவளுக்குப் பிடிக்காது. மாற்றப் போனால் முன்பு கட்டிய ஜி.எஸ்.டி.யும், சீட்டுக்கு மேல் கொடுத்த சேதாரமும் திரும்பாது. புது நகைக்கு மறுபடியும் சேதாரம், வரி. இ.டி.எஃப்.பில் சேர்த்தால் அந்தச் செலவு கடைசியில் ஒரே ஒரு தடவைதான். வருடத்துக்கு ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. இ.டி.எஃப். வாங்கத் தேவையான டீமேட் கணக்கு இல்லாதவர்கள் கோல்டு ஃபண்டில் (தங்கத்தில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டு) எஸ்.ஐ.பி., அதாவது மாதத் தவணை, போடலாம். அரசின் தங்கப் பத்திரம் வருடம் 2.5 சதவீத வட்டியும் தந்தது, ஆனால் 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடு வரவில்லை.

கடைசியாக, பணத்தின் பாதுகாப்பு. வங்கி ஆர்.டி.க்கு, அந்த வங்கியில் உள்ள மற்ற டெபாசிட்டுகளையும் சேர்த்து, 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைக்கடையில் கட்டும் பணத்துக்கு அது கிடையாது. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை ஒரு நிறுவனம் 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும், தவறினால் அது டெபாசிட்டாகக் கருதப்படும் என்பது விதி. சீட்டுகள் 11 மாதத்தோடு நிற்பது அதனால்தான். இரண்டு மூன்று வருடச் சீட்டு, முடிவில் வட்டியோடு ரொக்கம் என்று எந்தக் கடையாவது சொன்னால், எவ்வளவு பழகிய கடையாக இருந்தாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.