மாட்டின் கொழுப்பு: ஸ்கேன் கருவியை நம்புவதா, கையை நம்புவதா?

இறைச்சி மாடுகளில் உடல் கொழுப்பை மரபுவழியாகத் தேர்ந்தெடுக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஓராண்டு வயதுக் கன்றின் முதுகுக் கொழுப்பை அல்ட்ராசவுண்டால் அளப்பது ஒன்று. வளர்ந்த பசுவைப் பார்த்தும் தடவியும் 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரை உடல்நிலை மதிப்பெண் போடுவது மற்றொன்று.

துல்லியத்தில் ஸ்கேனுக்குத்தான் வெற்றி. 12, 13-ஆம் விலா எலும்புகளுக்கு இடையே எண்ணெய் தடவிக் கருவியை வைத்தால் கொழுப்பின் கனம் மில்லிமீட்டரில் வந்துவிடும். மாட்டுக்கு மாடு இந்த அளவில் தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு, மொத்தத்தை 1 என்று வைத்தால், ஏறக்குறைய 0.3 முதல் 0.5 வரை. மதிப்பெண்ணிலோ அது பெரும்பாலும் 0.2-ஐ ஒட்டியே நிற்கும். போடுபவரின் கண்ணும் கையும் ஆளுக்கு ஆள் மாறுவதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் ஸ்கேன் பார்ப்பது நன்றாகத் தின்று வளரும் இளங்கன்றை. நமக்குத் தெரிய வேண்டியதோ, கோடையில் கன்றுக்குப் பால் கொடுத்தபடியே அதன் தாய் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது. இரண்டுக்கும் மரபுத் தொடர்பு உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ஒல்லியான பொலிகாளைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் சதை கூடும். கிடேரிகள் பருவத்துக்கு வரத் தாமதமாகும். குறைந்த தீவனத்தில் வளரும் மாடுகளைத் தேடுகிறவர்களும் தம்மை அறியாமலே இதே பக்கம் சாய்கிறார்கள்.

மதிப்பெண்ணில் வேறொரு பொறி. சினை பிடிக்காமல் போன பசுவுக்குக் கன்றும் இல்லை, பாலும் இல்லை. தின்றதெல்லாம் உடம்பில் சேரும். அதற்கு 7 கிடைக்கும். ஆண்டு தவறாமல் ஈன்று, கன்றைக் கொழுக்க வைத்த பசு, கடைசி இரண்டு விலா எலும்புகள் தெரிய 4-இல் நிற்கும். வெறும் எண்ணை நம்பினால் மலட்டுத்தனத்துக்குப் பரிசு கொடுத்தவர்களாவோம். கன்று காலடியில் இருந்ததா, எத்தனையாவது ஈற்று என்பதையும் சேர்த்து எழுதாத மதிப்பெண் எனக்கு வேண்டாம்.

சினைத்திறனையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமே என்றால், தேர்ந்தெடுக்கலாம். மரபின் பங்கு மிகக் குறைவு என்பதால் முன்னேற்றம் ஆமை வேகம்தான்.

தசைக்குள் படியும் கொழுப்பு வேறு கணக்கு. முதுகுக் கொழுப்பை ஏற்றாமலேயே அதை ஓரளவு ஏற்ற முடியும்.

காளையை ஸ்கேன் பார்த்தே வாங்குவேன். ஆனால் பட்டியலில் மிகக் குறைந்த கொழுப்பு காட்டுவதை ஒதுக்கிவிடுவேன். பசுக்களைக் கன்று பால் மறக்கும் நாளில் தடவிப் பார்ப்பேன், அதிலும் முதல் ஈற்றுக் கிடேரிகளை முதலில்.